செங்கல்பட்டு அலமாரியில் ஒரு பேரன்

ரயில் செங்கல்பட்டில் நின்றதும் நான் செய்த முதல் காரியம், பிளாட்பாரத்தில் காப்பி குடித்தது. கொழும்பில் வெறும் தேயிலைத் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கருத்துப்போன நாக்கு, முதல் மடக்கிலேயே இந்தியப் பிரஜையாகிவிட்டது. இந்தக் கரையில் இறங்கியபோது என் கண் இமையைத் தூக்கிப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, படுக்கையைப் பிரித்துக் குடைந்த உத்தியோகஸ்தர்கள், ஒரு டம்ளர் காப்பியோடு பரீட்சையை முடித்திருக்கலாம்.

என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். வேதப் புத்தகங்கள் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். தீர்க்கதரிசிகள் சொன்னதில் கொம்பும் சுழியும் விட்டுப்போயிருந்தால் நான் போட்டுக் கொடுப்பேன். இவ்வளவு நெருக்கமாக வேதத்தைப் படித்தும் அதில் ஒன்றும் என்னிடம் ஒட்டவில்லை என்பது என் மனைவியின் அபிப்பிராயம். புது எழுத்து அச்சுகள் பார்த்துவர அச்சகம் என்னைச் சென்னைக்கு அனுப்பியது. செங்கல்பட்டில் இறங்கியது சொந்தக் காரியத்துக்காக.

சித்தப்பா மகள் குளோரி எனக்கு எழுதியிருந்தாள். அவள் பிள்ளை அந்தோணி போன மழைக்காலத்தில் தொண்டை அடைப்பான் வந்து இறந்துபோனான். மூன்று வயதுகூட நிறையவில்லை. அவனை எடுத்த ஒரே போட்டோ சித்தப்பாவிடம் இருக்கிறது. அவள் கேட்டால் கொடுக்கமாட்டார். 'நீ கேட்டு வாங்கி வந்து கொடு, அண்ணே' என்று எழுதியிருந்தாள். ஒரு போட்டோவுக்குக் கடல் கடந்து ஒரு தூதன். எங்கள் குடும்பத்தில் எல்லாமே இப்படித்தான்.

காரணம் இது. சித்தப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபையில் சிலை, சுரூபம் கிடையாது, மெழுகுவர்த்தி வரிசை கிடையாது. சிலுவைகூட வெறும் சிலுவைதான், மேலே ஆள் இருக்கக் கூடாது. குளோரியோ, மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு மீன்பிடிக் குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரம்மாவாகப் போய், அங்கேயே வாத்தியாராக இருந்த அருளப்பனைக் கட்டிக்கொண்டு, மாதா கோவிலில் சேர்ந்துவிட்டாள். மாதா சுரூபம் இருக்கும் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று சித்தப்பா சொன்னார். மிதிக்கவும் இல்லை. பேரன் அடக்கத்துக்குக்கூட.

வீட்டுக்குள் நுழைந்ததும் சித்தப்பா என்னைக் கட்டிப்பிடித்து, உட்காரவைத்து, உப்புமாவை முன்னால் வைத்து, ஜெபத்தைத் தொடங்கினார். சித்தப்பாவின் ஜெபம் ஆதாமில் தொடங்கும். சின்ன வயசில், ஏலி, யோனா எல்லோரும் வந்துபோகும்வரை பொறுக்கமுடியாமல் நான் நடுவிலேயே 'ஆமென்' என்று சொல்லிவிடுவேன். அதற்காக வாங்கிய குட்டுகளால்தான் என் உச்சந்தலை தட்டையாக இருக்கிறது. இந்த முறை மரியாதையாகக் காத்திருந்தேன். உப்புமா ஆறிக் கல்லாகிவிட்டது.

அறையைச் சுற்றிப் பார்த்தேன். சுவரில் வசனம் எழுதிய அட்டை. அதன் பக்கத்தில் பள்ளிக்கூடத்தைக் கட்டிய வெள்ளைக்காரப் பாதிரியாரின் படம், தாடியோடு, சந்தனச் சீவல் மாலையோடு. எதிரே, கட்டிலில் படுத்தால் நேராகக் கண்ணில் படும் இடத்தில், கண்ணாடி அலமாரி. வேத வியாக்கியானங்களுக்கு முன்னால் அட்டையில் ஒட்டிய ஒரு போட்டோ. வெள்ளைக் காலர் வைத்த சட்டை போட்ட ஒரு குழந்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தது.

நான் அந்தப் பையனை உயிரோடு பார்த்ததில்லை. லட்சணமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயத்தை எடுத்ததும் சித்தப்பாவின் முகம் பள்ளிக்கூட நாள் முகமாக மாறியது.

"கொடுத்தால் என்ன செய்வாள் தெரியுமா, சாமு? அந்த மாதா பக்கத்தில் மாட்டுவாள். பூ வைப்பாள். விளக்கு வைப்பாள். என் பேரனை நானே விக்கிரகமாக்கிக் கொடுக்க வேண்டுமா?"

நான் பாதிரியாரின் மாலையைப் பார்த்தேன். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். பிழை திருத்துகிறவன் வாய் நிற்காது. "பாதிரியாருக்கு மாலை நன்றாயிருக்கிறது சித்தப்பா" என்றேன்.

"அது மரியாதை. அது வேறு."

மாதா கோவில்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள், மரியாதை வேறு, ஆராதனை வேறு என்று, என்றேன். அதற்கு அவர், விக்கிரகம் கூடாது என்கிற யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தை முழுக்கச் சொன்னார். அந்த அதிகாரத்தை நான் ஏழெட்டுப் பதிப்புகளில் திருத்தியிருக்கிறேன். ஒரு கால் எழுத்துக்கூட விடாமல் சொன்னார்.  மத்தியானம் சாம்பாரும் வாழைக்காய் வறுவலும் மௌனமாகவே இறங்கின.

சாயங்காலம் அவராகவே வந்தார். தன்னிடம் இருப்பதைத் தரமுடியாது, ஸ்டூடியோவில் படம் பிடித்த கண்ணாடி பிளேட் இருக்கும், இன்னொரு பிரதி போட்டு வாங்கிக்கொள் என்றார். பிறகு அலமாரியைப் பார்த்தபடி, படம் எடுத்த அன்று நடந்ததைச் சொன்னார். குளோரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். அவள் வரிசையில் நின்ற நேரத்தில் இவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டூடியோவில் படம் எடுத்திருக்கிறார். வழியில் அல்வா வாங்கிக் கொடுத்தாராம். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு அல்வா. அவர் பேரனைப் பார்த்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

மறுநாள் காலையில் ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோ என்றால், கடைத்தெருவில் ஒரு மாடி. பின்னால் திரையில் அன்னப் பறவையும் தாஜ்மகாலும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தன. நடத்துகிறவர் ஒரு நாயுடு. பிளேட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத் தன் கைவேலையை எனக்குக் காட்டினார். அவருக்கு அதில் அத்தனை பெருமை.

"கழுத்துல இன்னாவோ அழுக்குத் துணி தொங்கிகினு இருந்துச்சு சார். பெரியவரு அத்த எடுத்துடுன்னாரு. எடுத்தா கழுத்து மொட்டையா கீது. சரின்னு ஒரு காலர் வச்சேன். பையன் வேற அழப் பாத்துகினு நின்னான், வாய் ஒரு பக்கமா கோணிகினு. அத்த நேராக்கினேன். காது ஒண்ணு துருத்திகினு இருந்துச்சு, செதுக்கிட்டேன். எல்லாம் பென்சிலும் கத்தியும்தான். கத்தி வச்சா வச்சதுதான், திரும்ப வராது. அதனால கை நடுங்கக் கூடாது, பாருங்க."

நான் பாராட்டினேன். மனப்பூர்வமாகத்தான் பாராட்டினேன். திருத்துவது என் தொழில். திருத்தமாக எது இருந்தாலும் எனக்குப் பிடித்துவிடும். அந்த அழுக்குத் துணி என்ன என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. பிரதி காயும்வரை உட்கார்ந்து, பழுப்புத்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு, தொழில்காரர்கள் இரண்டு பேரும் கை குலுக்கிப் பிரிந்தோம்.

மகாபலிபுரம் பஸ் செங்கல்பட்டை விட்டுக் கிளம்பியதே ஒரு பிரார்த்தனையின் பலன். எந்த மதத்துப் பிரார்த்தனை என்று சொல்லமுடியாது, எல்லோரும் செய்தார்கள். கொழும்பில் டிராம் நின்றால் ஜனங்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே பஸ் நின்றால் இறங்கி வெற்றிலை போடுகிறார்கள். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. உச்சிவேளை, மலைமேல் கழுகு சாப்பிட வருகிற நேரம்.

போகலாமா என்று கண்டக்டரிடம் கேட்டேன். "கழுகு வந்துகினு கீது சார். அத்தப் பாக்காம போய் இன்னா பண்ணப் போற?" என்றார். டிரைவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அண்ணாந்து நின்றார்.

என் பக்கத்தில் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இறங்கவில்லை. எதற்குப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். சித்தப்பா, மாதா, விளக்கு எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தங்கள் பள்ளிவாசலில் படமே கிடையாது என்றார். அப்படியானால் சண்டையே இருக்காதே என்றேன்.

"அதெப்படி தம்பி? அதுக்கு வேற எதுனா வச்சிருப்போம்" என்றார்.

பழுப்புத்தாளைப் பிரித்துப் படத்தைக் காட்டினேன். அதற்குள் கழுகு பார்த்த கூட்டம் திரும்பி ஏறியது. படம் கைமாறிக் கைமாறி டிரைவர்வரை போனது. கோழிக்கூடை வைத்திருந்த அம்மாள், ராஜா வூட்டுப் பையன் கணக்கா கீறான் என்று திருஷ்டி கழித்தாள். இறந்துபோன பிள்ளை என்று தெரிந்ததும் பஸ்ஸே உச்சுக்கொட்டியது. நான்தான் பெற்றவன்போல் எனக்கு ஒரே பெருமை. கண்டக்டர் படத்தைப் பத்திரமாக என்னிடம் திருப்பிக் கொடுத்து, மிச்ச தூரத்துக்கு என்னை 'அண்ணாத்த' என்று அழைத்தார்.

அதன்பின் உண்மையிலேயே எஞ்சின் கெட்டது. கடைசித் தூரத்தைச் சவுக்குத் தோப்புகளின் ஊடே மணலில் நடந்தேன். ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கும் மணல். செருப்பைக் கையில் எடுத்தேன், மணல் சுட்டது; போட்டேன், இழுத்தது. எடுப்பதும் போடுவதுமாக நான் நடந்ததைப் பார்த்து வலை காயப்போட்ட பெண்கள் சிரித்ததில் தவறில்லை.

குப்பத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். அது மாதா ஆண்டு. ரோமாபுரியிலிருந்து போப்பாண்டவர் அறிவித்தது இந்த மணலுக்கும் வந்து சேர்ந்திருந்தது. கோவில் சுரூபத்தைப் புதுப்பிக்கவேண்டும் என்று பங்குச் சாமியார் சொன்னாராம். பழைய மரச் சுரூபம், உப்புக்காற்றில் வர்ணம் போய், மூக்கு நுனியும் உதிர்ந்துவிட்டது. குப்பத்துப் பெண்கள் சம்மதிக்கவில்லை. எங்க மாதா மூஞ்சி எங்களுக்குத் தெரியும், புதுசா ஒரு அம்மாவை கொண்ணாந்து நிறுத்தாதீங்க என்று சண்டைக்கு வந்துவிட்டார்களாம். வழியில் எதிர்கொண்டு வந்த அருளப்பன் இதைச் சொல்லிச் சிரித்தான். சாமியார் மாதாவின் புடவையை மட்டும் புதுசாக மாற்றிவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

குளோரி வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். அவள் கண் என் முகத்தில் இல்லை, என் கக்கத்தில் இருந்த பழுப்புத்தாளில் இருந்தது. ஆனாலும் முதலில் சாப்பாடு போட்டாள். சங்கரா மீன் குழம்பு, வறுத்த நெத்திலி. கொழும்பில் தேங்காய்ப் பாலில் குளிப்பாட்டிய மீனைத் தின்று பழகியவனுக்கு இந்தப் புளிப்பும் காரமும் கண்ணில் தண்ணீர் வரவழைத்தன. மூன்று முறை சோறு வாங்கினேன். அவள் பரிமாறிக்கொண்டே இருந்தாள், உட்காரவில்லை.

சுவரில் ஒரு சின்ன மாடம். அதில் சாண் உயர மாதா. பக்கத்தில் புதுசாக ஓர் ஆணி அடித்திருந்தது. ஆணிக்குக் கீழே தேய்த்து மினுக்கிய ஒரு பித்தளை விளக்கு, எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தயாராக இருந்தது. அருளப்பன் சவுக்குக் கட்டையில் சட்டமும் செய்து வைத்திருந்தான். சித்தப்பா சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை. அதை நினைத்து எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

கையைக் கழுவிவிட்டு, ஒரு பிரசங்கம்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாளைப் பிரித்து அவளிடம் கொடுத்தேன்.

அவள் முந்தானையில் விரல்களைத் துடைத்துவிட்டு வாங்கினாள். பார்த்தாள். வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"இது யாருண்ணே?" என்றாள்.

ஸ்டூடியோக்காரர் வேறு யாருடைய படத்தையோ கொடுத்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். அந்தத் தவறாக இருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும். அருளப்பன் எட்டிப் பார்த்து, கையைப் பாரு, நம்ம புள்ளை கைதான், நாற்காலியை எப்படிப் புடிச்சிகினு கீது பாரு என்றான். அவள் கையைப் பார்த்தாள். அப்புறம் கழுத்துக்கு வந்தாள்.

"உத்தரியம் எங்கே? நான்தானே போட்டுவிட்டேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. உத்தரியம் என்பது இரண்டு துண்டுப் பழுப்புத் துணியை நாடாவில் கோத்துக் கழுத்தில் போடுவது. மாதாவின் காவல் என்று அவர்கள் எண்ணம். இவள் தன் கையால் தைத்தது. காய்ச்சலில் கிடந்தபோதும் அதைப் பிடித்துக்கொண்டே தூங்குவானாம். அதனால்தான் அழுக்கு. நாயுடு சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். காலர், வாய், காது. என் வாழ்நாளில் நகைச்சுவை சேர்க்காமல் நான் சொன்ன ஒரே கதை அதுவாகத்தான் இருக்கும்.

பிளேட்டில் பழையபடி எடுக்கமுடியாதா மச்சான் என்று அருளப்பன் கேட்டான். கத்தி வைத்தால் வைத்ததுதான் என்றேன்.

குளோரி அழவில்லை. படத்தில் அந்த வாய் இருந்த இடத்தை விரலால் தொட்டாள்.

"அழப்போறப்போ இப்டி ஒரு பக்கமா இழுத்துக்கும். அத்தப் பாத்துதான் நான் ஓடிப்போய் தூக்குவேன்" என்றாள். பிறகு மாடத்தைக் காட்டினாள். "அது மரம்னு எனக்குத் தெரியாதாண்ணே? அப்பா எனக்கு அத்தச் சொல்லணுமா? மரம்தான். ஆனா மூஞ்சிய யாரும் சுரண்டல."

அருளப்பன் மெதுவாக, சட்டத்தில் போட்டு மாட்டலாம், தூரத்திலிருந்து பார்த்தால் அவன்தான் என்றான். பாவம், ராத்திரி பகலாகச் செய்த சட்டம்.  குளோரி விளக்கிலிருந்த எண்ணெயைப் புட்டியில் திரும்ப ஊற்றினாள். திரியை எடுத்துப் போட்டாள். படத்தைப் பழுப்புத்தாளில், முன்பிருந்த மடிப்பிலேயே மடித்து, என் மடியில் வைத்தாள்.

"அப்பாகிட்டயே குடுத்துடு. இத்தையெல்லாம் சொல்லாத. அவருக்கு இந்தப் பையனைத்தான் தெரியும். அவர்கிட்ட இருக்கறதும் இவன் ஒருத்தன்தான்."

மறுநாள் காலையில் அருளப்பன் என்னைச் சதுரங்கப்பட்டினம்வரை நடத்திக் கூட்டிப்போனான், பஸ் அங்கிருந்து கிடைக்கும் என்று. பஸ் வருகிற அறிகுறி இல்லாததால் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைக் காட்டினான். சுரூபம் என்றாலே ஆகாது என்று சொன்ன கூட்டம் அது, எங்கள் சித்தப்பாவுக்குப் பெரியப்பா முறை. கோவிலுக்குள் ஒரு பொம்மை வைக்கமாட்டார்கள். செத்ததும், தங்கள் கல்லறைமேல் மண்டையோடு, கப்பல், பூக்கொடி என்று எல்லாவற்றையும் செதுக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். வேறு சமயமாயிருந்தால் இதைவைத்து நான் கொழும்புவரை சிரித்திருப்பேன். அருளப்பன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, பிள்ளையின் குழிமேல் இன்னும் சிலுவை நடவில்லை, மணல் நிற்கமாட்டேன் என்கிறது என்றான். பிறகு பஸ் வந்தது.

செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அந்தத் தெருவுக்கு மின்சாரம் இன்னும் வரவில்லை. சித்தப்பா வாசலிலேயே நின்றிருந்தார். என் கையில் பழுப்புத்தாளைப் பார்த்தார். கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு, எனக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார், சாப்பிட்டாயா என்றார், பஸ் எப்படி என்றார். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"விளக்கு வைத்தாளா?"

"இல்லை சித்தப்பா."

"பூ?"

"இல்லை. படம் உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அங்கே உப்புக்காற்று, கெட்டுப்போய்விடுமாம்."

பொய் சொல்லும்போது எனக்கு எப்போதும் காது சிவக்கும். அவருக்கு அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. "ஸ்தோத்திரம்" என்றார். "புத்தி வந்திருக்கிறது. என் மகளல்லவா?" என்றார். அப்படியானால் பண்டிகைக்கு இங்கே வருவாளா, சொன்னாளா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

இரண்டாவது படத்தையும் அலமாரியில் முதல் படத்தின் பக்கத்தில் நிறுத்தினார். சற்று விலகி நின்று பார்த்து, நேராக்கினார். இரண்டு பையன்கள், இரண்டு காலர்கள், ஒரே சிரிப்பு. பிறகு மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி, வேதம் வாசிக்க அலமாரியின் முன்னால் இருந்த முக்காலியில் வைத்தார். தினமும் வைக்கிற இடம்தானாம். கண்ணாடியில் வெளிச்சம் பட்டு இரண்டு முகமும் பளிச்சென்று தெரிந்தன.

அலமாரியைப் பார்த்து முழங்காலிட்டார். நானும் பக்கத்தில் முழங்காலிட்டேன். ஜெபம் ஆதாமில் தொடங்கி நோவாவுக்கு வந்தது. ஆபிரகாம் பிள்ளையைப் பலிகொடுக்க மலை ஏறும்போது நான் பொறுக்கமுடியாமல் 'ஆமென்' என்று சொல்லிவிட்டேன்.

சித்தப்பா குட்டவில்லை. கண்ணைத் திறக்காமலே தொடர்ந்தார்.